ஒட்டாத படலம்

றிஸ்லா வேலை செய்யும் இடத்தைத் தேடி வருகிறவர்கள் முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அலுவிகாரையைக் கடந்து பலாபத்வெல பக்கமாகப் போகும் வழியில், வீதியை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பழைய கொக்கோ ஸ்டோர். மழைக்காலத்தில் அதன் சுவர்களில் இன்னமும் கொக்கோ வாசம் வரும். அங்கேதான் பல் ஆணி செய்கிறார்கள். பல் விழுந்தவர்களுக்குத் தாடை எலும்புக்குள் திருகி இறக்கி, மேலே செயற்கைப் பல்லைப் பூட்டும் சின்ன டைட்டேனியம் ஆணி. மாத்தளையில் இப்படியொரு தொழில் நடக்கிறது என்று சொன்னால், மிளகும் கறுவாவும் விற்றுப் பழகிய ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். முதலாளி நளீமுக்கே சிலநேரம் நம்பிக்கை வராது. அவருடைய வாப்பா கடைசி வரைக்கும் அதை ஆணிக் கடை என்றுதான் சொன்னார்.

ஆணியைக் கடைந்து எடுப்பது இயந்திரம். அதற்குப் பிறகு வருகிற வேலைதான் றிஸ்லாவுடையது. வழுவழுப்பான உலோகத்தில் எலும்பு சரியாகப் பிடிக்காது. ஆணியின் மேலே டைட்டேனியம் ஒட்சைட்டில் ஒரு படலம் வளர்க்க வேண்டும். அந்தப் படலம் தேன்கூட்டைப் போலத் துளை துளையாக இருக்க வேண்டும், கண்ணுக்கே தெரியாத துளைகள். அப்போதுதான் எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும். ஆணிகளைக் கம்பியில் கோத்துத் தொட்டிக்குள் இறக்கி மின்சாரம் விட்டால் படலம் வளரத் தொடங்கும். தொட்டித் திரவத்தில் கரைத்திருக்கும் புளோரைட் உப்பு, வளர வளர அதை அரித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் வளர்க்கும், உப்பு தின்னும். இரண்டும் சரிக்குச் சரியாக நடந்தால்தான் துளை. உப்புக் கூடினால் படலம் சாம்பலாக உதிரும். குறைந்தால் துளையே விழாது, ஆணி ஊதாவும் நீலமுமாக மினுங்கும், பார்க்க அழகாக இருக்கும், பல்லுக்கு உதவாது. எந்தத் திரவத்தில் உப்பைக் கரைக்கிறோம், அதில் தண்ணீர் எவ்வளவு என்பதும் அப்படித்தான். தண்ணீர் கூடினால் துளைகள் குட்டை, குறைந்தால் நீளம்.

றிஸ்லா பேராதனையில் இரசாயனம் படித்தவள். ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில் நளீம் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவள்தான். அதற்குள் கல்யாணமாகி, மகள் அஸ்ரா பிறந்து, அவளும் ஓஎல் பரீட்சை வகுப்புக்கு வந்துவிட்டாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் றிஸ்லாவோடு நின்றவள் அருள்மணி. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். லயத்து வீட்டிலிருந்து விடிய முன் இறங்கி, ரத்தோட்டை பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருவாள். ஆணிகளைக் கம்பியில் கோர்ப்பது, இறக்குவது, ஏற்றுவது, கழுவுவது எல்லாம் அவள் பொறுப்பு. தொட்டித் திரவத்தை அவள் மருந்து என்பாள். கேட்டுக் கேட்டு றிஸ்லாவும் மருந்து என்றே சொல்லப் பழகியிருந்தாள். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வயது. மத்தியானம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம், 2022, முதலில் நின்றது மருந்துக்கான கிளைகோல், உப்பைக் கரைக்கும் திரவம். அது இந்தியாவிலிருந்து பெரிய கேன்களில் வந்துகொண்டிருந்தது. கப்பல் வரவில்லை என்றார்கள், பிறகு கப்பல் வந்திருக்கிறது, காசு கட்ட வங்கியில் டொலர் இல்லை என்றார்கள். கடைசிக் கேனை வடித்து ஊற்றிய நாளில் நளீம் தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"இதுக்குப் பதிலா வேற ஒண்டும் ஊத்த ஏலாதா தங்கச்சி?"

"கிளிசரின் ஊத்தலாம் நானா. வெளிநாட்டுல செஞ்சி பாத்தீக்காங்க. ஆனா அது தேன் மாதிரி, தடிப்பு. எல்லாமே மெதுவாத்தான் நடக்கும்."

"மெதுவாவாவது நடந்தாப் போதும்" என்றார் நளீம். அடுத்த வாரமே கண்டிப் பக்கத்தில் சவர்க்காரம் செய்கிற ஒருவரிடமிருந்து கிளிசரின் வந்து இறங்கியது.

மெதுவாகத்தான் நடந்தது. பழைய மருந்தில் காலையில் இறக்கியதைத் தேநீர் நேரத்துக்குள் எடுத்துவிடலாம். கிளிசரினில் அதே படலம் வளரப் பகல் முழுவதும் போதவில்லை. அந்தப் பகலிலும் மின்சாரம் இருந்தால்தானே. அது மின்வெட்டுக் காலம். எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று பத்திரிகையில் போடுவார்கள், போட்டபடி நடக்காது. மின்சாரம் நின்ற அந்த நொடியிலிருந்து படலம் வளர்வது நின்றுவிடும், உப்பு தின்பது மட்டும் நிற்காது. உடனே ஆணிகளைத் தூக்கிக் கழுவாவிட்டால் வளர்ந்ததெல்லாம் அரித்துப் போகும். காற்றை வெளியே தள்ளும் விசிறியும் நின்றுவிடும் என்பதால் தொட்டிப் பக்கம் முகத்தைக் கொண்டுபோகவும் பயம். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது, அதற்கு ஊற்ற டீசல் இல்லை.

ஆகவே விளக்கு அணைந்ததும் றிஸ்லாவும் அருள்மணியும் எங்கே நின்றாலும் ஓடுவார்கள். சோற்றில் கைவைத்திருந்தாலும் ஓட்டம்தான். கையுறையை மாட்டி, முகமூடியை இழுத்துவிட்டு, இருட்டில் தடவித் தடவிக் கம்பிகளைத் தூக்குவார்கள். கழுவிக் காய வைத்துவிட்டு இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நிற்பார்கள்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு ஓட்டம். கேஸ் இல்லை. பின்வளவில் மூன்று கல் வைத்து, ஈர விறகில் புகையோடு மல்லுக்கட்டிச் சமைக்க வேண்டும். கணவன் பஸீர் வாடகை வேன் ஓட்டுகிறவன். டீசல் வரிசையில் வேனைப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே கிடப்பான். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு அஸ்ரா வரிசைக்குப் போய்வருவாள். ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த கதிரையிலேயே தூங்கிப்போனான். றிஸ்லா எழுப்பினாள்.

"உள்ளுக்குப் போய்ப் படுங்களேன்."

"எழும்பினா தூக்கம் போயிரும்" என்றான் கண்ணைத் திறக்காமலே. பிறகு, "ஒங்கட ஆணி என்னாச்சி?" என்று கேட்டான்.

"உரியுது."

"என்ன உரியுது?"

அவள் சொல்லத் தொடங்குவதற்குள் அவன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

உண்மையிலேயே உரிந்தது. அதுதான் அந்த மாதங்களில் அவளைத் தின்ற பிரச்சினை. கிளிசரின் மருந்தில் எடுத்த ஆணிகள் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தன. மங்கலான சாம்பல் மஞ்சள், ஒரே சீரான நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் பரவி உறிஞ்சிக்கொண்டது, ஆகவே துளைகள் இருக்கின்றன. பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எடுத்த நுணுக்குக்காட்டிப் படத்திலும் துளைகள் குழாய்களாக, வரிசையாக, நீளமாக, பிரம்புக் கட்டைப் போல நின்றன. வாங்குகிறவர்கள் கேட்ட நீளத்தை விடவும் நீளம். ஆனால் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தால், படலம் முழுவதும் டேப்போடு வந்துவிட்டது. கீழே உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

உப்பைக் குறைத்துப் பார்த்தாள். துளை சுருங்கியது, உரிவது நிற்கவில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். படலம் மெலிந்தது, மெலிந்ததும் உரிந்தது. படலத்தைச் சுட்டு இறுக்க ஓவனில் கூடுதல் நேரம் வைக்கலாம் என்றால் ஓவனுக்கு மின்சாரம் இல்லை. தண்ணீர் மட்டும் ஒரு துளி கூடச் சேரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். பழைய கிளைகோல் மருந்தில் அவளுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம் அதுதான்: தண்ணீர் கூடினால் குழாய் குட்டையாகும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுக்கும் என்பதால் தொட்டிக்கு இறுக்கமான மூடி செய்வித்து, வேலை முடிந்த கையோடு மூடிவைக்கச் சொல்லியிருந்தாள். அருள்மணி அதைத் தவறாமல் செய்தாள்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்க, ஒரு பெரிய ஓடர் நெருங்கியது. மாலைதீவில் உள்ள ஒரு பல் வைத்தியசாலைக் குழுமத்துக்குக் கொடுக்க வேண்டியது. டொலரில் வரும் காசு. அது வந்தால் தொழிற்சாலை தப்பும், வராவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆணிகளெல்லாம் கடைந்து, படலம் வளர்த்து, பெட்டியில் அடுக்கத் தயாராக இருந்தன. ஒவ்வொரு தொகுதியும் சோதனையில் தேறியது என்று றிஸ்லா கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியை மூடலாம்.

நளீம் அவளை ஒபிஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஓர் ஆணியை வைத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இது பழைய மருந்துல செஞ்சது. இது புதுசு. எனக்கு வித்தியாசம் ஒண்டும் விளங்கல்ல தங்கச்சி. பார்வைக்கு எல்லாம் ஒண்டு போலத்தானே ஈக்கு?"

"பார்வைக்கு ஒண்டுதான் நானா. டேப்ப ஒட்டி இழுத்தா உரிஞ்சி வருது."

"வாய்க்குள்ள போன ஆணிக்கு யாரு டேப் ஒட்டப் போறாங்க?"

"எலும்புக்குள்ள திருகி எறக்கக்குள்ள எலும்பே உரிச்சிரும். உரிஞ்ச தூள் அங்கேயே கெடக்கும். அது புண்ணாகும். ஆணி ஆடும்."

"நிச்சயமா ஆடுமா?"

"எல்லாருக்கும் ஆடும்னு சொல்ல மாட்டேன். யாருக்கு ஆடும்னும் சொல்ல ஏலாது."

நளீம் நல்ல மனுஷன். கோபித்துச் சத்தம் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால்தான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "ஆள்களுக்கு சம்பளம் குடுக்கணும்" என்றார். "நோன்பு வருது. கிறிஸ்தவ ஆள்களுக்குப் பாஸ்குப் பண்டிகை வருது. நான் ஒருத்தரையும் போகச் சொன்னதில்ல, ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும் நானா."

"அப்ப?"

"நான் போட மாட்டேன். வேற ஆரும் போட்டு அனுப்புறதுன்னா, என்ட பேர எடுத்திருங்க."

அவர் எடுத்து வைத்திருந்த பேனாவை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். வேறு யாரையும் போடச் சொல்லவும் இல்லை. அனுப்ப ஏலாது என்று அன்றைக்கே மாலைதீவுக்கு எழுதிவிட்டார். அடுத்த மாதம் பாதிச் சம்பளம் என்று அறிவித்தார். அதற்கடுத்த மாதம் கடைசல் பகுதியில் சிலரைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கச் சொன்னார்.

யாரும் றிஸ்லாவிடம் வந்து நேரே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தேநீர் நேரத்தில் அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அருள்மணி ஒருத்திதான் கேட்டாள், அதுவும் ஓடர் கைவிட்டுப் போய்ப் பல நாளைக்குப் பிறகு, கழுவுத்தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மட்டும் நிற்கும்போது.

"மிஸ், ஒண்ணு கேக்கவா? கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நான் இந்த ஆணிகளக் கோத்து, எறக்கி, கரண்ட் போற நேரமெல்லாம் ஓடி ஓடித் தூக்கி எடுத்தேன். என் கையப் பாருங்க, கையொறைய மீறிப் புண்ணாகிக் கெடக்கு. அத்தனையும் குப்பையா?"

"குப்பைன்னு நான் சொல்லல்ல."

"சொல்லாட்டி என்ன? பெட்டியில போடலியே. ஒங்க வீட்டுல வேன் நிக்குது, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஓடும். எங்க வீட்டுல நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்காரரு கொழும்புக் கடையில நின்னு அனுப்புறது அவர் வாய்க்கே பத்தாது. தெரியாத ஒருத்தன் பல்லு ஆடும்னு பாத்தீங்க. எங்கள பாத்தீங்களா?"

றிஸ்லாவிடம் பதில் இருந்தது. அந்தத் தெரியாத ஒருத்தனும் காசு கொடுத்து நம்பித்தானே வாயைத் திறக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அருள்மணியின் விரல்களில் தோல் வெளுத்து உரிந்திருந்ததைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "களிம்பு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அருள்மணி சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு. "போட்டேன் மிஸ்" என்றாள்.

அதன்பிறகு அவர்கள் ஒரே மேசையில் சாப்பிடவில்லை. சண்டை என்று இல்லை. அருள்மணி சாப்பாட்டை முன்னரே முடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். கரண்ட் போனால் இரண்டு பேரும் முன்போலவே ஓடினார்கள், முன்போலவே தூக்கினார்கள்.

ஜூலையில் அஸ்ராவுக்குக் காய்ச்சல் கண்டது. பெனடோல் கொடுத்துப் பார்த்தார்கள், இறங்கவில்லை. இரத்தம் பார்த்ததும் டெங்கு என்று தெரிந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டார்கள். பஸீர் பகலில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்து போனான். றிஸ்லா மகளின் கட்டில் ஓரத்தில் இருந்தாள். இரத்தச் சிறுதட்டுகள் இறங்கிக்கொண்டே போவதை டொக்டர் வந்து சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தொழிற்சாலை, ஆணி, மருந்து ஒன்றும் நினைவில் இல்லை. யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் நாக்கில் இல்லை.

அந்த நாட்களில்தான் அருள்மணி வேலையை விட்டாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ரத்தோட்டைக்கு வந்திருந்தான். கடைசி நாள், தொட்டியைக் கழுவி வைக்க மூடியைத் திறந்திருக்கிறாள். அப்போது ஏஜென்சிக்காரனிடமிருந்து போன் வந்து, கடவுச்சீட்டு வேலைக்கு உடனே வரச்சொல்லியிருக்கிறான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நளீமிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூடி தரையிலேயே கிடந்தது. வேறு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. போவதற்கு அங்கே ஆளும் இல்லை. வெளியே ஓயாமல் தூறிக்கொண்டிருந்தது. கொக்கோ ஸ்டோரின் சுவர்கள் வியர்த்து வழிந்தன.

அஸ்ரா தப்பிவிட்டாள். சிறுதட்டுகள் ஏறத் தொடங்கிய நாளில் கஞ்சி கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, இன்னும் சில நாள் பார்த்துக்கொண்டு, றிஸ்லா வேலைக்குத் திரும்பியபோது தொட்டி திறந்தபடி இருந்தது. மேலே தூசும் செத்த கொசுக்களும் மிதந்தன. அவளுக்குக் கத்த வேண்டும்போல வந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கொட்டிவிட்டால் வேறு கிளிசரின் இல்லை. சவர்க்காரக்காரனும் கடையை மூடிவிட்டான்.

வடிகட்டித்தான் பார்க்க வேண்டும் என்று மெல்லிய துணியில் வடிகட்டினாள். வடிகட்டும்போதே ஏதோ வித்தியாசம். கிளிசரின் தேனாக இழுபடாமல், பாணியாக ஓடியது. ஈரத்தைக் குடித்து இளகியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று அவள் நினைத்தாள். ஆனாலும் வந்ததற்கு ஒரு தடவை விட்டுப் பார்ப்போம் என்று மிச்சமிருந்த ஆணிகளில் சிலதைக் கோத்து இறக்கி, மின்சாரத்தை விட்டாள். மின்னோட்ட மானியின் முள் வழக்கத்தை விட மேலே ஏறி நின்றது. வேகமாக வளர்கிறது.

மத்தியானம் விளக்கு அணைந்தபோது ஆணிகள் ஏற்கனவே வெளியே வந்து கழுவிக் காய்ந்திருந்தன. அவள் ஓட வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் டேப்பை வெட்டி, ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்து அழுத்தி இழுத்தாள். டேப் வெறுமையாக வந்தது. இன்னொன்றில் ஒட்டினாள். அதுவும் வெறுமை. அடுத்ததில் ஓரத்தில் கொஞ்சம் வந்தது, நடுவில் ஒன்றும் வரவில்லை.

காரணம் அவளுக்குச் சிறுகச் சிறுகத்தான் பிடிபட்டது. தண்ணீர் கூடக் கூட கிளிசரினின் தடிப்புக் குறைந்தது, ஆகவே வளர்ச்சி வேகமானது. காய்ந்த மருந்தில் படலத்தின் அடியில், உலோகத்தைத் தொடும் இடத்தில், புளோரைட் தங்கி ஒரு பலவீனமான அடுக்கை உண்டாக்கியிருக்க வேண்டும். படலம் அங்கிருந்துதான் கழன்றது. தண்ணீர் அந்த அடுக்கைக் கரைத்துவிடுகிறது. குழாய்கள் குட்டையாகத்தான் போயின, அவள் பயந்தது பொய்யில்லை. ஆனால் குட்டையானவை காலூன்றி நின்றன. பழைய மருந்துக்குச் சரியாக இருந்த அளவைப் புது மருந்துக்கும் சரியென்று அத்தனை மாதம் மூடி மூடிக் காத்துக்கொண்டிருந்தவள் அவளேதான். பிறகு அளந்தே தண்ணீரைச் சேர்த்து, கூட்டியும் குறைத்தும் பார்த்து, எந்த இடத்தில் பிடிப்பும் நீளமும் இரண்டும் தாங்கும் என்று கண்டுபிடித்தாள். அதற்கு இன்னும் பல வாரம் போனது.

நளீமிடம் சொன்னபோது அவர் குதிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஓடர் போய்ட்டு. ஆனாலும் பரவாயில்ல" என்றார்.

அவள் அன்றைக்கே அருள்மணிக்குப் போன் எடுத்தாள். பின்னால் நிறையப் பெண்களின் சத்தம் கேட்டது. கொழும்பில் பயிற்சி நிலையத்தில் இருப்பதாகச் சொன்னாள். வாஷிங் மெஷினும், சலாம் சொல்லவும் படித்துக்கொடுக்கிறார்கள் என்றாள்.

"அருள்மணி, மருந்து சரியாயிட்டு. நீங்க தொட்டியத் தொறந்து போட்டுட்டுப் போனதுனால."

"ஐயோ மிஸ், மறந்துட்டேன். அந்த அவசரத்துல..."

"இல்ல, அதுனாலதான் சரியாச்சி. ஈரம் உள்ளுக்கு எறங்கி, படலம் இப்ப ஒட்டுது."

அருள்மணி, "அப்புடியா?" என்றாள். "முன்னமே தொறந்து வச்சிருக்கலாமே."

"ஆமா" என்றாள் றிஸ்லா.

"பாப்பாவுக்குக் காச்சல்னு முதலாளி சொன்னாரு. சுகமா?"

"சுகம். நீங்க திரும்பி வாங்களேன். நான் நானாவோட பேசுறேன்."

"மெடிக்கல் முடிஞ்சிருச்சி மிஸ். ஏஜென்சியில வாங்கின காச வீட்டுல செலவழிச்சாச்சி. இனி எப்புடி?" யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறேன் மிஸ், கூப்புடுறாங்க."

அந்த வாரமே அருள்மணி குவைத்துக்குப் போய்விட்டாள்.

மாலைதீவுக்காரர்கள் வருடக் கடைசியில் ஒரு சின்ன ஓடர் கொடுத்தார்கள். குட்டைக் குழாய்களைத் தங்கள் ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, ஒத்துக்கொண்டு, பிறகு இன்னொன்று கொடுத்தார்கள். நளீம் கடைசல் ஆட்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டார், மற்றவர்கள் அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். கிளைகோல் திரும்பவும் கடைக்கு வந்தது. விலை கேட்டதும் நளீம், "நம்மட கிளிசரினே ஈக்கட்டும்" என்றுவிட்டார். றிஸ்லாவின் சம்பளம் கொஞ்சம் கூடியது, சாமான் விலை அதைவிடக் கூடியது. பஸீர் வேனை விற்றுவிட்டு மிளகுக் கடையொன்றில் கணக்குப் பார்க்கப் போனான். அஸ்ரா ஓஎல் எடுத்து, கணிதப் பிரிவு படிக்கப்போகிறேன் என்றாள். றிஸ்லாவுக்குக் கண்ணுக்குக் கீழே வந்த கருமை போகவேயில்லை. கண்ணாடியில் பார்த்தால் உம்மாவின் முகம் தெரிகிறது என்று பஸீரிடம் ஒருநாள் சொன்னாள். அவன் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, உம்மா அழகான மனுஷிதானே என்றான்.

அருள்மணியை அவள் மறுபடி பார்த்தது இரண்டு வருடம் கழித்து, மாத்தளை பஸ் நிலையத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து டவுனில் சாமான் வாங்க றிஸ்லா வந்திருந்தாள், கூட்டம் நெரிந்தது. ரத்தோட்டை பஸ்ஸுக்குப் பக்கத்தில் பெரிய சூட்கேஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். றிஸ்லா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள்.

"மிஸ்!" என்று வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "லீவுல வந்திருக்கேன். இப்பதான் ஏர்போட்டுல இருந்து வர்றேன். என்னா மெலிஞ்சிட்டீங்க?"

"நீங்க நல்லா ஈக்கீங்க."

"அங்க சோறு மிச்சம் மிஸ், தூக்கந்தான் இல்ல. நான் நிக்கிற வீட்டுல ஏழு புள்ள." சிரித்தாள். கையை விடாமலே, "கை ஆறிடுச்சி பாருங்க" என்று விரல்களை விரித்துக் காட்டினாள். "தொட்டி இப்ப யாரு பாக்குறா?"

"ரெண்டு புள்ளைகள் வந்தீக்கு. பரவாயில்ல."

கண்டக்டர் ரத்தோட்டை, ரத்தோட்டை என்று கத்திக்கொண்டு பஸ்ஸின் உடம்பைத் தட்டினான். அருள்மணி சூட்கேஸைத் தூக்கப் பார்த்தாள், றிஸ்லாவும் ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் படியில் ஏற்றினார்கள். ஏறி நின்றபிறகு அருள்மணி குனிந்து, சத்தமில்லாமல் கேட்டாள்.

"மிஸ், அன்னைக்கு அந்தக் கையெழுத்த நீங்க போட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேன்ல?"

"போயிருக்க மாட்டீங்க" என்றாள் றிஸ்லா.

"இப்ப கேட்டாப் போடுவீங்களா?"

"இல்ல."

அருள்மணி தலையாட்டினாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. "நாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்களேன். கோயில் முடிஞ்சி வந்து சமைக்கிறேன். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். உள்ளே இருந்தவர்கள் தள்ளிப்போகச் சொல்லி நெருக்கினார்கள். அவள் சூட்கேஸை முட்டியால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் பின்னுக்கு வந்து திரும்பியது. றிஸ்லாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. நளீம்.

"தங்கச்சி, பஸ்ஸுல ஏறிட்டீங்களா? இங்க கரண்ட் போய்ட்டு. புள்ளைகள் தூக்கிட்டாங்க, ஆனா ஒரு கம்பி உள்ளுக்கு விழுந்திட்டாம்."

"கையப் போட வேணாம்னு சொல்லுங்க நானா. கொக்கியால எடுக்கட்டும். நான் வாறேன்."

வீட்டுக்குப் போக ஏறவிருந்த பஸ்ஸிலேயே அவள் ஏறினாள். தொழிற்சாலைக்கும் அதே பஸ்தான், இறங்கும் இடம்தான் வீட்டைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி. உட்கார இடம் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, அஸ்ராவுக்குச் சோற்றைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லிப் போன் எடுத்தாள்.